மறுமுனை

வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும்.
ஐந்தரைக்குத் தொட்டுப் பார்த்தேன்,
மீன் வயிறு போல் கண்ணாடி.
இதுவே பத்து மணிக்கு ரொட்டிக்கல்.
சூட்டில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று
விற்றவன் சொன்னான்.
எதிர்வீட்டு ஹாசிக்கின் பலகை ஒன்று
விட்டும் காட்டியது.

போர்ஜ் ஹம்மூதில் எங்கள் தெருவுக்கு
அரசு மின்சாரம் ஒரு விருந்தாளி,
வந்தாலும் காலணி கழற்றாது.
மற்ற நேரமெல்லாம் தெருமுனை ஜெனரேட்டர்.
அதற்குக் கட்டிக் கட்டி மாளாமல்
காரை விற்றேன்.
கார் எட்டுப் பலகைகளாகி
படிக்கட்டறையின் தகரச் சரிவில் படுத்துக்கொண்டது.
கீழே பட்டறையில்
மூன்று செருப்புத் தையல் மெஷின்கள்
அதைத்தான் தின்கின்றன.

ஏப்ரலில் பாலைவனத்து மஞ்சள் காற்று
ஒரு மாதத் தூசியை
ஒரே இரவில் கொட்டியது.
அதன் மேல் ஜெனரேட்டர் கரி.
கரியின் மேல், அரசாங்க முத்திரை போல,
கிரிகோரின் புறாக்கள்.

எழுபது புறா.
ஓர் எச்சம், உள்ளங்கை அகலம்,
அது விழுந்த வரிசையே சோர்ந்துவிடும்.
அதைச் சொல்லப் போனதில்தான்
நாங்கள் பேச்சை விட்டோம்.
நாலு வருடம்.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
இருவருமே சுவரிலிருக்கும் மின்மீட்டரை
அக்கறையாகப் படிப்போம்.

முதலில் இன்வெர்ட்டரை அணைத்தேன்.
பிறகு கூரைச் சுவிட்ச்,
சிவப்புக் கைப்பிடி குறுக்காக நிற்கும் வரை.
அணைத்தாலும் பலகை தூங்குவதில்லை;
வெளிச்சம் பட்டால் போதும், கம்பியில் உயிர் வந்துவிடும்.
இணைப்பைத் தொடாதே வர்துஹி,
தோலுரிந்த கம்பியைக் கண்டால் வாளியை வைத்துவிட்டு இறங்கு,
என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொள்வேன்,
பைத்தியம் போல.

தோளிலும் தொடையிலும் பட்டை.
கயிறு, கான்கிரீட்டில் பதித்த வளையத்தின் வழியாக.
பலகையின் சட்டத்தில் கட்டுவது
கிளையில் உட்கார்ந்து கிளையை நம்புவது.
மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.
என் மகன் லெவோன் பிடிப்பான்.
பேக்கரியில் இரவு ஷிப்ட், இன்னும் வரவில்லை.
கிழக்கு மலைக்குப் பின்னால்
சூரியன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது.

கூரையில் இருந்த ஒரே மனிதர்
தோளில் புறாவோடு
தானியம் அளந்துகொண்டிருந்தார்.

தனியாக ஏறுவதில்லை என்பது விதி.
அவரிடம் கேட்பதில்லை என்பதும் விதிதான்.
எது பழையது என்று
ஒரு நிமிடம் நின்று யோசித்தேன்.
பிறகு கயிற்றின் மறுமுனையை
அவர் பக்கமாகத் தரையில் வைத்தேன்.
கேட்கவில்லை.
கேட்டதாக அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

எடுத்தார்.

நீளக் கம்பு, மென் தூரிகை, வெறும் தண்ணீர்.
சோப்பு படலம் விடும். சுரண்டினால் கீறும்.
காய்ந்த எச்சத்தை ஊறவிட வேண்டும்.
கோபம் ஊற ஊற இறுகும்,
இது இளகும்.

"தளர்த்து" என்றேன்.
தளர்த்தினார்.
"பிடி."
பிடித்தார்.
நாலு வருடத்தில் இரண்டு சொல்.

ஏழாவது பலகையருகே
கால் போனது.
நானே தைத்த செருப்பு,
சறுக்காது என்று சத்தியம் செய்து விற்கிற ரப்பர் அடி.
தகரம் ஒரு முழம் நகர்ந்தது, அல்லது நான்.
கயிறு விறைத்தது.
கீழே காப்பி வண்டிக்காரன்
கப்புகளை அடுக்கும் சத்தம்
ஒவ்வொன்றாகக் கேட்டது.

கிரிகோர் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் தோள் புறா மட்டும்
பறந்துவிட்டது.

எட்டையும் துடைத்துத்தான் இறங்கினேன்.
அவர் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு.
கைப்பிடியைத் திருப்பினேன்.
மலை மேலிருந்து முதல் வெளிச்சம்
எட்டிலும் ஒன்றாக இறங்கியது.
நன்றி என்ற சொல்லை
கல் உப்பு போல வாயில் அடக்கித் திரும்பினால்
அவர் கூண்டைத் திறந்துகொண்டிருந்தார்.

எழுபதும் எழும்பி ஒரு வட்டம்.
மூன்றாவது பலகையில்
பொத்தென்று ஒன்று.

இருவரும் பார்த்தோம்.
இருவரும் அவசரமாக
மீட்டரைத் தேடினோம்.

கூரையில் மீட்டர் கிடையாது.